படத்தில் ஆறு பிள்ளைகள்

எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு என்னிடமும் எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டது ரஞ்சி. பிள்ளைகள் வாட்டில் எனக்குப் பிறகு என் வேலைக்கு வந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"அக்கா, நீங்கள் முப்பத்தெட்டு வருசம் வேலை செய்தனீங்கள். ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். சேவை மனப்பான்மையைப் பற்றி எழுதினால் நல்லாயிருக்குமாம்."

சேவை மனப்பான்மையைப் பற்றி எழுத அந்த மலரில் ஆட்கள் இருக்கிறார்கள். வருசா வருசம் அவர்களே எழுதுகிறார்கள், தங்கள் படத்தையும் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரும் வாட்டுக்குள் ஒரு வாளி தூக்கி நான் கண்டதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தது துடைப்பது. ஆகவே துடைப்பதைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப் பிழையை ரஞ்சி திருத்தட்டும். மற்ற எதையும் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாட்டுகளைத் துப்பரவு செய்கிற வேலையை ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். நீலச் சட்டை போட்ட பெண்கள், ஆளுக்கொரு விசிறுகிற போத்தலோடு வருகிறார்கள். கதவுக்கும் அதே போத்தல், கட்டிலுக்கும் அதே போத்தல். போன கிழமை அவர்களில் ஒருத்தி பிள்ளைகள் வாட்டில் உள்ள கடற்கரைப் படத்துக்கும் அந்தப் போத்தலைத் தூக்கினாளாம். ரஞ்சி பாய்ந்து கையைப் பிடித்திருக்கிறாள்.

"கண்ணாடி துடைக்கிற மருந்துதான் அக்கா. அடிச்சால் பளபளக்கும்" என்றாளாம் அந்தப் பெண்.

பளபளக்கும். அந்தப் படத்துக்குக் கண்ணாடியே கிடையாது.

எங்களுடையது மானிப்பாயில் உள்ளதைப் போன்ற பெரிய ஆஸ்பத்திரி இல்லை. வலிகாமத்துக்குள்ளே, ஒரு சபை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி. நான் பண்டத்தரிப்பில் முதல் பஸ் எடுத்து வருவேன். கலியாணம் முடித்து அந்தப் பக்கம் வந்தவள் நான். பிறந்தது அதற்கும் வடக்கே, கடற்கரையில். அப்பா தொழிலுக்குப் போனவர். தொழில் என்றால் எங்களுக்குக் கடல்தான்.

வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாளி, தும்புத்தடி, பினாயில். இரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் படக்கூடாது. பிள்ளை சத்தி எடுத்து வைத்தால் முதலில் மரத்தூள் போட வேண்டும். மூன்று மாதத்தில் பழகிவிட்டேன். பழகாதவர்கள் முப்பது வருசம் போனாலும் பழகமாட்டார்கள். அப்படியும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பிரியாவிடையில் பெரிய மாலை போட்டார்கள்.

அப்போது தாதிமாருக்கும் எங்களுக்கும் மேலே இருந்த மேற்றனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுசி. செருப்புச் சத்தம் கேட்காது. ஏசமாட்டார், புகழமாட்டார். நாங்கள் துடைத்து முடித்த இடத்துக்கு வந்து, குனிந்து, மூக்கால் மணந்து பார்ப்பார். பிறகு ஒரே ஒரு சொல். "திரும்ப." அவ்வளவுதான். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கட்டிலுக்குக் கீழே நான் நாலு தரம் துடைத்த நாள் உண்டு. நாலாம் தரம் பேசாமல் போனார். பேசாமல் போனால் சரி என்று அர்த்தம். துணி தருவதில் மகா கஞ்சத்தனம். பழைய வேட்டி ஒன்றை எட்டாகக் கிழித்து, எட்டுப் பேருக்குக் கொடுத்து, மாதக் கடைசியில் எட்டையும் எண்ணி வாங்குவார். அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை தெரிந்தவர் என்று சொல்ல வருகிறேன். இரண்டும் ஒன்றில்லை.

நான் பிள்ளைகள் வாட்டுக்கு மாறின முதல் நாள், மேற்றன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"பிள்ளை, உதிலை எத்தினை பிள்ளையள் நிக்கினம்?"

படம் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அகலம் இருக்கும். ஆஸ்பத்திரியைத் தொடங்கின வெள்ளைக்கார டொக்டரின் தங்கச்சி கீறினது என்று சொல்வார்கள். எண்ணெய்ச் சாயம். கடற்கரை, மத்தியான வெயில், தொப்பி போட்ட பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் வைக்கிறாள். இரண்டு பெடியன்கள் குந்தியிருந்து மணலைக் கிண்டுகிறார்கள். ஒருத்தி வாளியோடு நடந்து வருகிறாள். ஒன்று சின்னன், மணலில் இருக்கிறது.

"ஆறு, அம்மா" என்றேன்.

மேற்றன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறாவது எங்கை?"

"தண்ணிக்குள்ளை. அந்தா, தலை தெரியுது. ஒரு கையும் தெரியுது."

மேற்றன் ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் படம் என் பொறுப்பு. எனக்கு முதல் வந்த ஏழு பேரும் ஐந்து என்று சொன்னார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. கடற்கரையில் வளர்ந்த எவளும் ஆறு என்றுதான் சொல்வாள். தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைகளை எண்ணுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீருக்குள் இருக்கிற தலைகளை எண்ண வேண்டும். பிறகுதான் கரை. கரையில் நிற்கிறது ஒரு இடமும் போகாது. அம்மா கரையில் உள்ள மீன் வாடியடியில் நின்று மீன் வெட்டிக்கொண்டே எங்களை அப்படித்தான் எண்ணுவா. ஒவ்வொரு மீன் வெட்டி முடியவும் ஒருக்கால் நிமிர்ந்து எண்ணுவா. மத்தியான வெயிலில் அவ்வளவு தூரத்தில் ஒருத்தருக்கும் முகம் தெரியாது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நிற்கிற நிலையில்தான் பிள்ளையைத் தெரியும். இடுப்பைச் சரித்து நின்றால் நான். கையை வீசினால் தம்பி.

எங்கள் வீட்டில் ஒரு நாள் அந்த எண்ணிக்கை குறைந்தது. அதைப் பற்றி நான் மலரில் எழுதப் போவதில்லை.

இனி, துடைக்கிற முறை. கம்பனிக்காரப் பெண்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடிந்த பிறகு. காத்தாடியை நிறுத்த வேண்டும். யன்னலைச் சாத்த வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்ட வேண்டும், மூச்சு ஈரம் சாயத்தில் படக்கூடாது. சலூனில் கழுத்து மயிர் தட்டுகிற பிரஷ் தெரியும்தானே, அது ஒன்று புதிதாக, இதற்கென்றே வைத்திருந்தோம். சேலைத் தலைப்பு முட்டாத மாதிரிச் செருகிக்கொண்டு முக்காலியில் ஏற வேண்டும். மேலே வலது மூலையில் தொடங்கி, பெருவிரல் அகலம், பெருவிரல் அகலமாகக் கீழே வர வேண்டும். தட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது. நித்திரையில் இருக்கிற குழந்தையின் நெற்றியில் ஈ இருந்தால் எப்படி எடுப்போம், அப்படி. அலை வருகிற இடத்தில் சாயம் கட்டி கட்டியாக நிற்கும், அந்தக் கட்டிகளுக்குள்தான் தூசு போய் ஒளிக்கும். அங்கே பிரஷைச் சரித்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது. டெற்றோல், சவர்க்காரம், தேங்காயெண்ணெய் ஒன்றும் ஆகாது. சட்டத்துக்கு மட்டும் வேட்டித் துணி, அதுவும் காய்ந்தது. மாதம் ஒருக்கால் இரண்டு பேராகப் பிடித்து இறக்கி, பின்பக்கம் கறையான் இருக்கிறதா, பல்லி முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துடைத்து முடிய, பின்னுக்குப் போக வேண்டும். எதிர்ச் சுவரில் படுக்கை விரிப்பு வைக்கிற அலுமாரி இருக்கிறது. அதில் முதுகு முட்டும்வரை போய் நின்று பார்க்க வேண்டும். கிட்ட நிற்கும்போது அது வெறும் சாயம். வெள்ளைப் பூச்சு, மண்ணிறப் பூச்சு, புட்டு உதிர்ந்தது போலக் குறுணி குறுணியாக நீலம். அலுமாரியில் முதுகு முட்டினால் கடல் வந்துவிடும். வெயில் வந்துவிடும். பிள்ளைகள் எழும்பி நிற்பார்கள். அங்கிருந்து ஆறையும் எண்ணிவிட்டுத்தான் நான் முக்காலியை எடுப்பேன்.

சண்டையால் எல்லாரும் இடம்பெயர்ந்து போன நேரம், மேற்றனும் நானும் படத்தை இறக்கி, பிள்ளைகளின் கட்டிலில் விரிக்கிற றப்பர் சீலையில் சுற்றி, அந்த அலுமாரிக்குள்ளேயே நிமிர்த்தி வைத்துப் பூட்டினோம். திரும்பி வந்தபோது வாட்டுக்குக் கூரை பாதிதான் இருந்தது. அலுமாரி இருந்தது. சீலையை அவிழ்த்தேன்.

"ஆறு, அம்மா."

"திரும்ப" என்றார் மேற்றன்.

திரும்ப எண்ணினேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுத்த வருசம் ஓய்வு பெற்று மகனிடம் போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசாமல் போனால் சரி என்று அர்த்தம்.

மேற்றன் காலத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வு பெறுகிறவருக்கு மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் ஒரு கடிதம் வாசிப்பார்கள். அதில் கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: "இவரது கையில் ஒப்படைத்த பொருள் எதுவும் பழுதுபடவில்லை." மாலை வாடிப்போகும். தருகிற மணிக்கூடு நின்றுபோகும். அந்த வரிக்காகத்தான் நான் காத்திருந்தேன். என் கையில் ஒப்படைத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

என் கடைசி வருசத்தில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. படம் கீறின பெண்ணின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, இந்தப் படம் இன்னும் இருக்கிறதா, வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். அன்றைக்குத்தான் சபையின் செயலாளருக்கு அப்படி ஒரு படம் இருப்பது தெரிந்தது. பத்து வருசம் செயலாளராக இருந்தவர். பிள்ளைகள் வாட்டுக்குள் அதற்கு முதல் வந்திருந்தால்தானே தெரியும். இணுவில் பக்கத்து ஆள். தோட்டமும் வீடும் உள்ள படித்த குடும்பம். கடலை அவர் பஸ் யன்னலால் பார்த்திருக்கக்கூடும்.

வந்தார். கூட நாலு பேர். படத்தில் மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய் நின்றார். போனில் உள்ள வெளிச்சத்தைப் போட்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார்.

"உதென்ன? முகத்தைக் காணேல்லை."

போன் வெளிச்சத்தை ஒரு ஓரத்திலிருந்து திரும்ப ஓட்டி எண்ணினார்.

"ஐஞ்சு பிள்ளையள். ஒண்டுக்கும் கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. எல்லாம் அழிஞ்சு போச்சு. ஆர் இதைத் துடைக்கிறது?"

"நான்தான் ஐயா."

"எத்தினை வருசமாய்த் துடைக்கிறீர்?"

"முப்பத்தேழு வருசமாய்."

"முப்பத்தேழு வருசம் போட்டுத் தேய்ச்சால் மூக்கு நிக்குமோ?" என்று கூட வந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தவர்.

"அவையளுக்கு ஆதியிலையே முகம் கீறேல்லை, ஐயா."

"முகமில்லாமல் ஆரும் ஆளைக் கீறுவினமோ? என்ன காணும் கதைக்கிறீர்?"

"நான் தேய்ச்சு அழிஞ்சதெண்டால் தொப்பி ஏன் அழியேல்லை? தொப்பியிலை கட்டின சிவப்பு நாடா ஏன் அழியேல்லை? தேடித் தேடி முகத்தை மட்டும் தேய்க்க, எனக்கென்ன அந்தப் பிள்ளையளோடை கோவமோ?"

இப்போது வாட்டில் இருந்த தாய்மார் சிரித்தார்கள். அது செயலாளருக்குப் பிடிக்கவில்லை.

"வாய் காட்டாதையும்."

"ஒருக்கால் அந்த அலுமாரியடிக்குப் போய் நிண்டு பாருங்கோ ஐயா. முகம் தெரியும்."

"எனக்குக் கண் வடிவாத் தெரியும். தள்ளி நிண்டு பாக்க வேண்டிய அவசியமில்லை" என்றார்.

பன்னிரண்டு அடி. அலுமாரிக்குப் போக அவ்வளவுதான். படித்தவருக்கு அந்தப் பன்னிரண்டு அடி பின்னுக்கு வர ஏலாமல் போய்விட்டது.

இரண்டு நாளில் என்னைச் செயலாளரின் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு கடதாசி, அச்சடித்தது. "கையெழுத்தை வையும்" என்று பேனையை நீட்டினார் செயலாளர்.

"வாசிச்சுப் போட்டு வைக்கிறன்" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் இருக்கச் சொல்லாமலே இருந்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். வாசித்தேன். செயலாளர் மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ஒருதரமும் பார்க்கவில்லை. "எனது கவனயீனத்தினால் மேற்படி ஓவியம் சேதமடைந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்." கவனயீனம் என்ற சொல்லில்தான் கனநேரம் நின்றேன். அதுவரை அந்தச் சொல்லை நான் அச்சில் பார்த்ததில்லை. என் வேலையில் அது தேவைப்பட்டதில்லை.

"ஐயா, உதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"வைச்சால் மன்னிச்சு விடுறம். பிரியாவிடை நடக்கும், கடிதம் வாசிப்பம். அந்தக் கடைசி வரி மட்டும் வராது. வைக்காட்டில் பிரியாவிடையும் இல்லை, கடிதமும் இல்லை. யோசியும்."

"யோசிச்சிட்டன். அந்த வரி இல்லாத கடிதம் எனக்கெதுக்கு? வாட்டிலை சத்தி எடுத்த பிள்ளை ஒண்டு இருக்கு, நான் வாறன்."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். செயலாளர் விடவில்லை. லண்டன்காரி வருவதற்குள் படத்தைத் "திருத்தி" வைக்க வேண்டும் என்று ஒரு சித்திர மாஸ்ரரைப் பிடித்தார். மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கோயில் சுவருக்கும், செத்த வீட்டுக்கு வைக்கிற பெரிய படங்களுக்கும் நல்ல கை. அவரைப் பற்றி எனக்குக் குறையில்லை. குறை எல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்த ஆளைப் பற்றித்தான்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் கிணற்றடியில் றப்பர் சீலைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். ரஞ்சி ஓடி வந்தாள். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருசம்.

"அக்கா, கெதியா வாங்கோ! படத்துப் பிள்ளையளுக்கு முகம் வைக்கப் போயினமாம்!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனேன். படத்தை இறக்கி இரண்டு கதிரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். மாஸ்ரர் குந்தியிருந்து சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் பக்கத்தில் நின்றார். காய்ச்சல் குறைந்த பிள்ளைகள் கட்டிலில் எழும்பி இருந்து மாஸ்ரரைப் புதினம் பார்த்தார்கள்.

"எப்பிடி முகம் வைக்கிறது ஐயா?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"சிரிச்ச முகமாய் வையும். அஞ்சும் சிரிச்சபடி இருக்கட்டும். வெள்ளைக்காரப் பிள்ளையள், கண்ணுக்கு நீலம் கொடும்."

நான் வாசலில் நின்றபடியே எண்ணினேன். பழக்கம். முதலில் தண்ணீர்.

தண்ணீரில் ஒருத்தரும் இல்லை.

திரும்ப எண்ணினேன். ஐந்து. ஐந்தும் கரையில்.

"மாஸ்ரர், தண்ணிக்குள்ளை நிண்ட பிள்ளை எங்கை?"

"எந்தப் பிள்ளை அக்கா?"

"அந்தா, அந்த இடத்திலை ஒரு பிள்ளை நிண்டது."

"அதோ? அது பூஞ்சணக் கறை. மண்ணிறமாய் ஊத்தை பிடிச்சமாதிரி இருந்தது. முதலிலை அதை மூடிப்போட்டுப் பேந்து முகத்துக்கு வருவமெண்டு நீலம் பூசினனான்."

இடுப்பில் செருகியிருந்த வேட்டித் துணியை எடுத்தேன். அது காய்ந்திருந்தது. படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். மூக்கு வாயைக் கட்டவில்லை. அன்றைக்கு அதற்கு நேரமில்லை, ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டேன். சாயம் பச்சையாக இருந்தது. துணியை விரலில் சுற்றி, வெளியிலிருந்து உள்ளுக்கு ஒருதரம் எடுத்தேன். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தை எடுத்தேன். திரும்ப ஒருதரம். திரும்ப மடித்தேன். புண்ணைச் சுற்றிப் பூசின மருந்தை, புண் நோகாமல் எடுக்கிற மாதிரி. வாட்டில் நாளுக்குப் பத்துத் தரம் செய்கிற வேலை.

"பாருங்கோ, பாருங்கோ! எல்லாருக்கும் முன்னாலையே துடைக்கிறா!" என்று செயலாளர் சத்தம் போட்டார். "இந்தக் கைதான் முகத்தை அழிச்சது! எழும்பும் காணும்!"

நாலாம் தரம் எடுக்க, தலை வந்தது. ஆறாம் தரம் எடுக்க, கை வந்தது. தூக்கின கை. அது கூப்பிடுகிற கையா, விளையாடுகிற கையா என்று முப்பத்தேழு வருசமாக எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் கை வந்தது.

எழும்பினேன்.

"மாஸ்ரர், நீங்கள் படம் கீறுற ஆள். அந்த அலுமாரியிலை முதுகு முட்ட நிண்டு எண்ணுங்கோ."

மாஸ்ரர் செயலாளரைப் பார்த்தார். பிறகு பிரஷைக் கையில் வைத்தபடியே எழும்பிப் போய் அலுமாரியடியில் நின்றார். கனநேரம் நின்றார்.

"ஆறு" என்றார் மெல்லமாக. பிறகு, "ஐயா, அந்தச் சின்னன் அழுகுது. மணலிலை இருக்கிறது. இஞ்சை நிண்டு பாக்க வடிவாத் தெரியுது."

"கண்ணில்லாத பிள்ளை எப்பிடி ஐசே அழும்?" என்றார் செயலாளர்.

"அது எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அழுகுது. உதுக்கு நான் சிரிச்ச முகம் வைக்கமாட்டன்" என்று மாஸ்ரர் வந்து சாயப் பெட்டியை மூடினார். பன்னிரண்டு அடி நடந்த மனுசன். அவ்வளவுதான் வித்தியாசம்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "இப்ப என்ன சொல்லப்போறீர்? இத்தினை பேர் பாத்தவை, நீர் துடைச்சனீர். இப்பவும் இல்லையெண்டு சொல்லுவீரோ?"

"இல்லை ஐயா. துடைச்சனான்தான். அந்தக் கடதாசியைக் கொண்டுவாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

அவருக்கு நம்ப முடியவில்லை. தானே போய் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு மருந்து வைக்கிற மேசையில் கடதாசியை வைத்து, பேனையைக் கேட்டு வாங்கினேன். கவனயீனம் என்ற சொல்லைத் தேடிப் பிடித்தேன். இரண்டாம் தரம் என்றபடியால் கெதியாக அகப்பட்டது. அதன் மேல் ஒரு கோடு போட்டேன். பிறகு அந்த வரி முழுவதற்கும் கோடு போட்டேன். கீழே இருந்த இடத்தில் என் கையால் எழுதினேன். எழுத்துப் பெரிது பெரிதாக, மேலும் கீழுமாகப் போனது. "ஆறாவது பிள்ளையைக் கவனமாகத் துடைத்து எடுத்தேன்." அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

"பைலிலை வையுங்கோ ஐயா" என்று கொடுத்துவிட்டு, கிணற்றடியில் விட்ட சீலையைக் கழுவப் போனேன்.

எனக்குப் பிரியாவிடை நடக்கவில்லை. கடிதம் வாசிக்கவில்லை. கடைசி நாள் வேலை முடிய, பிரஷையும் வேட்டித் துணியையும் ரஞ்சியிடம் கொடுத்துவிட்டு, வழமையான பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அதற்கு அடுத்த மாதம் லண்டன்காரி வந்தாளாம். வாசலில் வந்தவுடன் ஒருவரும் சொல்லாமலே பின்னுக்குப் போய் அலுமாரியடியில் நின்றாளாம். இப்படிக் கீறுகிறது ஒரு முறை, முகத்தைக் கீறமாட்டார்கள், வெளிச்சத்தைத்தான் கீறுவார்கள் என்று சொன்னாளாம். அன்று பின்னேரமே மண்டபத்தில் செயலாளர் பேசினாராம். இந்த ஓவிய முறையைப் பற்றித் தான் நீண்ட காலமாக அறிந்தவர் என்றும், அதனால்தான் இந்த ஓவியத்தைப் பாதுகாத்து வந்தார் என்றும். அந்தப் பேச்சு போன வருச மலரில் வந்தது. படத்தோடு. நான் எழுத்தெழுத்தாக வாசித்தேன். அவருடைய படத்தில் முகம் மிகத் தெளிவாக இருந்தது. நான் பன்னிரண்டு அடி தள்ளி வைத்தும் பார்த்தேன். அதில் வேறு ஒன்றும் வரவில்லை.

என் கையெழுத்து வைத்த கடதாசி இன்னும் பைலில் இருக்கிறதாம். "எடுத்துக் கிழிச்சுப் போடட்டோ அக்கா?" என்று ரஞ்சி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். மேற்றன் காலத்திலிருந்து எத்தனையோ பேருக்குக் கடைசி வரி அச்சடித்துக் கொடுத்தார்கள். என்னுடையதை நானே எழுதினேன். அது இருக்கட்டும்.

ஆறாவது பிள்ளையின் முழங்கைக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு நீலம் போகவில்லை. அதை எடுக்கப் பார்க்க வேண்டாம். அது இப்போது காய்ந்துவிட்டது.

நீலச் சட்டைப் பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போத்தலை வாசலில் வையுங்கள். அலுமாரியில் முதுகு முட்ட நின்று எண்ணுங்கள். ஐந்து என்று வந்தால் படத்துக்குக் கிட்டப் போகாதீர்கள், திரும்ப எண்ணுங்கள். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.